கார் காப்பீட்டை நியாயமான விலைக்கு எடுப்பது எப்படி: டெல்டாவில் கார் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடியில் நான் குடியிருக்கும் தெருவில் ஆறு கார்கள் நிற்கின்றன. அவற்றில் ஐந்துக்கு ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “மொத்தம் எவ்வளவு வரும்?” அந்தக் கேள்வி இந்த வேலையில் கடைசியாக வர வேண்டியது. எதை வாங்குகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அதே சரக்குக்கு நாலு இடத்தில் விலை கேட்டால்தான் எது மலிவு என்பது தெரியும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே உள்ளன.

1. முடிவுத் தேதிக்கு நாற்பது நாள் முன்பே தொடங்குங்கள்

பழைய பாலிசி முடிகிற மறுநாளில்தான் புதிய பாலிசி தொடங்கும் என்பதால், முன்கூட்டிப் பணம் கட்டுவதால் ஒரு நாள்கூட நமக்கு நஷ்டமில்லை. தாமதித்தால்தான் நஷ்டம். பாலிசி காலாவதியாகிவிட்டால் கம்பெனி வண்டியை நேரிலோ வீடியோவிலோ பார்த்த பிறகே சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பைத் தரும். இடைப்பட்ட நாள்களில் நடந்த எதற்கும் பொறுப்பேற்காது. காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ கார் எடுத்தவர்கள் இங்கே ஏராளம். ஆகவே அவர்களின் பாலிசி புரட்டாசி, ஐப்பசியில் முடிகிறது. கையிருப்பெல்லாம் சம்பா நடவுக்கும் உரத்துக்கும் போகிற மாதங்கள் அவை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, வாய்க்கால் வழிந்து தெருவுக்கு வருவதும் அப்போதுதான். “அறுவடை முடியட்டும், தை கடைசியில் கட்டிக்கொள்ளலாம்” என்று விடுகிறவர், வெள்ளக் காலம் முழுவதும் காப்பில்லாமல் காரை நிறுத்தி வைத்திருக்கிறார். அதோடு, பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, முழுவதும் போய்விடும். ஐப்பசியிலிருந்து தை கடைசிவரை எண்ணிப் பார்த்தால் கணக்கு அந்த விளிம்பில் வந்து நிற்கும். எனவே குறுவை அறுவடைப் பணம் கைக்கு வரும்போதே இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

2. விலை கேட்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி., சென்ற ஆண்டுப் பாலிசி, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கடன் இருந்தால் அதன் நிலுவை விவரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும், என்ஜின் எண்ணும், சேசிஸ் எண்ணும் பழைய பாலிசியில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. சென்ற ஆண்டு நுழைந்த தவறு இந்த ஆண்டும் அப்படியே நகலாகி வரும். கிளைம் நாளில்தான் தலை காட்டும். கடன் அடைந்த பிறகும் பாலிசியில் வங்கியின் பெயர் நிற்பது நான் அடிக்கடி காணும் தவறு. வண்டி முழுச்சேதமானால் பணம் முதலில் அந்த வங்கியைத்தான் தேடிப் போகும்.

பழைய பாலிசியிலிருந்து நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி., நோ கிளைம் போனஸ் விழுக்காடு, நாமாக ஏற்றுக்கொண்ட கழிவுத் தொகை (ஒவ்வொரு கிளைமிலும் நம் கையிலிருந்து போகும் பங்கு), சொந்தச் சேதப் பிரீமியம். இனி வரும் பேச்செல்லாம் இந்த நான்கைச் சுற்றித்தான்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளை ஆன்லைனில் கட்டித் தருவது இங்கே பல வீடுகளில் வழக்கம். அப்படிக் கட்டும்போது பதிவு அலுவலகத்தைச் சென்னை என்று போட்டுவிடுகிறார்கள். சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம், டி.என். 49 தஞ்சாவூர், டி.என். 50 திருவாரூர், டி.என். 51 நாகப்பட்டினம், டி.என். 68 கும்பகோணம், டி.என். 82 மயிலாடுதுறை ஆகியவை எல்லாம் ‘பி’ மண்டலம். ‘பி’ மண்டலத்துக்குச் சொந்தச் சேதப் பிரீமிய விகிதம் சற்றுக் குறைவு. தொலைபேசி எண்ணும் பிள்ளையுடையதாகவே இருந்தால், கிளைம் நேரத்தில் வருகிற ஓ.டி.பி. கடல் தாண்டிப் போய்விடும்.

3. எந்தப் பகுதியில் பேரம் பேசலாம் என்பதைப் பிரித்துப் பாருங்கள்

கட்டுகிற தொகை இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது. இதன் விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416, அதற்கும் மேல் 7,897. இதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தொகை மாறினாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாகவே மாறும். ஆகவே, “தேர்டு பார்ட்டியில் உங்களுக்கு மட்டும் தள்ளுபடி தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

மற்றொன்று சொந்தச் சேதத்துக்கானது. புயல், வெள்ளம், தீ, திருட்டு, மோதல் எல்லாம் இதில் அடங்கும். கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவது இது மட்டுமே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னைகள் சாய்ந்தன. அன்று மரத்தடியில் கார் நிறுத்தியிருந்தவர்களில் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவருக்கு அந்தப் பாலிசியால் ஒரு ரூபாய்கூட வர வழியில்லை. ஐம்பது, அறுபதாயிரம்கூடப் பெறாத பழைய வண்டிக்கு மட்டும் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே கட்டியாக வேண்டும். ஆகவே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் தனியாக வாங்கினால் போதும். இது தெரியாமல் முழுப் பாலிசியையும் மறுபடி வாங்கி, ஒரே தேர்டு பார்ட்டிக்கு இருமுறை பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

4. ஐ.டி.வி.யை நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள்

வண்டி திருடுபோனாலோ முழுச்சேதமானாலோ கைக்கு வரக்கூடிய உச்சத் தொகை ஐ.டி.வி. பழுதுபார்க்கும் செலவு இதில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழுச்சேதம் என்று கணக்காகும். இதைக் குறைத்தால் பிரீமியம் குறையும் என்பதால்தான், ‘மலிவு’ என்று காட்டப்படும் பல கொட்டேஷன்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த எண்.

கணக்கு எளிது. அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையை எடுத்துக்கொண்டு, ஒரு ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் 20 விழுக்காடும், மூன்று ஆண்டு வரை 30-ம், நான்கு வரை 40-ம், ஐந்து வரை 50-ம் கழிக்க வேண்டும். ஏழு லட்சம் விலையுள்ள, மூன்றரை ஆண்டு ஓடிய காருக்கு 4,20,000 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் கம்பெனியும் நாமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி.; அதற்கு, நம் ஊரில் அதே வண்டி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐ.டி.வி.யில் நாற்பதாயிரத்தைக் குறைத்தால், தள்ளுபடியும் போனஸும் போன பிறகு பிரீமியத்தில் மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். அதற்காக நாற்பதாயிரத்தைப் பணயம் வைப்பது கணக்கு ஆகாது.

5. டெல்டாவுக்கு எந்தக் கூடுதல் காப்பு தேவை, எது தேவையில்லை

என்ஜின் பாதுகாப்பு இங்கே முதலிடத்தில் வர வேண்டும். தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது, காற்று போகும் வழியாக நீர் உள்ளே போய், பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் சாதாரணப் பாலிசியிலேயே அடங்கும். ஆனால் நாம் சாவியைத் திருப்பியதால் வந்த என்ஜின் சேதம் அதன் தொடர்விளைவு என்று ஒதுக்கப்படும். கூடுதல் பணம் கட்டி வாங்கும் இந்தச் சேர்க்கை இருந்தாலும், நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போவதே முறை.

அடுத்தது, நம் ஊரில் ‘பம்பர் டு பம்பர்’ என்று அழைக்கப்படும் தேய்மானக் கழிவில்லாக் காப்பு. இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் முதலியவற்றின் விலையில் பாதியை நாமே கட்ட வேண்டும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு உயரும். ஐந்து ஆண்டுக்குட்பட்ட காருக்கு இதை எடுப்பது சரி. ஆண்டுக்கு எத்தனை கிளைமுக்குப் பொருந்தும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆண்டு விட்டுவிட்டு மறுபடி கேட்டால், வண்டியைப் பார்த்த பிறகே தருவார்கள்.

வண்டியை இழுத்துச் செல்லும் உதவியை இங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சாதாரணப் பாலிசியில் அதற்கு 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு. வேதாரண்யம் பக்கத்தில் நின்ற காரைத் தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி வர அது எந்த மூலைக்கு? சாலையோர உதவிச் சேர்க்கையில் எத்தனை கிலோமீட்டர் வரை என்பதைப் பாருங்கள். தூர வரம்பு குறைவாக இருந்தால் அதுவும் பயன்படாது.

சாவி தொலைந்தால், உடைமை திருடுபோனால் என்று நீளும் மற்ற சேர்க்கைகளை நான் பெரும்பாலும் நீக்கிவிடச் சொல்வேன். காருக்கு முழு விலையையும் திருப்பித் தரும் சேர்க்கை, வாங்கி இரண்டு மூன்று ஆண்டு வரை பயன்படும். அதன் பிறகு வேண்டியதில்லை.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம் என்று தானாகவே சேர்க்கப்பட்டு வரும். ஆனால் உங்கள் பைக் பாலிசியிலோ வேறு தனிப் பாலிசியிலோ அதே அளவு காப்பு ஏற்கெனவே இருந்தால், அதைத் தெரிவித்து இங்கே நீக்கிவிடலாம். உரிமையாளரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லையென்றால் இந்தக் காப்பு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர், அந்த ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பை ஐம்பது ரூபாயில் சேர்த்துக்கொள்ளலாம். அதை விடுவது அறிவீனம்.

6. நோ கிளைம் போனஸ்: பெரிய தள்ளுபடி இங்கேதான் இருக்கிறது

கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடு, பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். கம்பெனியை மாற்றினாலும் இது கூடவே வரும். மாற்றினால் போய்விடும் என்று பயந்து, ஒரே இடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்குரியதன்று. பழைய காரை விற்றால், கம்பெனியிடம் போனஸ் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் புதுக் காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஷோரூமில் புதுக் கார் வாங்குகிற மும்முரத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. அங்கேயே காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இதே விதியின் மறுபக்கம்: பழைய கார் வாங்குகிறவருக்கு விற்றவரின் போனஸ் வராது. மைத்துனரிடம் கார் வாங்கிய ஒருவர், போனஸ் போய்விடுமே என்று மூன்று ஆண்டு மைத்துனர் பெயரிலேயே புதுப்பித்து வந்தார். ஆர்.சி. இவர் பெயரில், பாலிசி அவர் பெயரில். விபத்து நடந்தபோது சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிட்டது. அதில் கம்பெனியைக் குறை சொல்லவும் முடியவில்லை. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றக் கோரியிருக்க வேண்டும். கிளைம் வாங்கியிருந்தும் வாங்கவில்லை என்று டிக் செய்வதும் இதே குழியில்தான் விடும். பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள்.

இனி, எதற்குக் கிளைம் போடுவது என்ற கேள்வி. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். போனஸுக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், போனஸ் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் சுழி, இழப்பு 4,000. அதற்கடுத்த ஆண்டு 20 விழுக்காடுதான், இழப்பு 2,400. பிறகு 2,000, 1,200, 400. மறுபடி 50-ஐ எட்டுவதற்குள் 10,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,800 போயிருக்கும்.

இப்போது பின்பக்க பம்பர் ஒன்று உடைந்தது என்போம். பம்பர் 6,000, கூலி 1,500. பம்பர் டு பம்பர் காப்பு இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிந்து 3,000, கூலியோடு 4,500, கட்டாயக் கழிவு 1,000 போக கைக்கு வருவது 3,500. அதற்காக 11,800-ஐ விடுவதா? இப்படிப்பட்ட உரசல்களுக்குக் கைப்பணத்தைக் கொடுத்துவிடுவதே லாபம். அடிக்கடி நெருக்கடியில் ஓட்டுகிறவர் போனஸைக் காக்கும் சேர்க்கையைப் பற்றி விசாரிக்கலாம்.

7. கழிவுத் தொகையை உயர்த்துவது

1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் நாம் ஏற்றாக வேண்டும். இதற்கு மேல் நாமே விரும்பி 2,500 அல்லது 5,000 ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையும். முந்தைய கணக்கின்படி சிறு கிளைம்களைப் போடப் போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு இது பொருந்தும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற கார் என்றால், ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டும் திட்டத்தையும் கேளுங்கள். 2022 ஜூலையில் இதற்கு அனுமதி வந்தது.

8. இப்போதுதான் விலை கேட்க வேண்டும்

ஐ.டி.வி., போனஸ், கழிவுத் தொகை, வேண்டிய சேர்க்கைகள் ஆகியவை அடங்கிய அதே தாளைப் பழைய கம்பெனி, ஒரு பொதுத்துறைக் கம்பெனி, ஒரு ஒப்பீட்டுத் தளம், ஊரில் உள்ள ஏஜென்ட் என்று நான்கு இடங்களில் காட்டிக் கேளுங்கள். எண்கள் ஒன்றாக இருந்தால்தான் விலைகளை அருகருகே வைக்க முடியும்.

சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பெரியவர் போனை நீட்டி, “தம்பி, இது போன தடவையைவிட ஆயிரத்து எண்ணூறு கம்மி” என்றார். பழைய பாலிசி 9,400; போனில் 7,600. திரையைக் கீழே தள்ளிப் பார்த்தோம். ஐ.டி.வி. அறுபதாயிரம் குறைந்திருந்தது, என்ஜின் பாதுகாப்பு இல்லை, விருப்பக் கழிவு 5,000 என்ற கட்டத்தில் யாரோ போட்ட டிக் ஒன்று இருந்தது. மூன்றையும் சரிசெய்ததும் அதே திரை 9,900 என்று காட்டியது. பெரியவர் சிரித்துவிட்டு, “அப்போ பழைய கடையே தேவலை” என்றார்.

குறைந்த கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கம்பெனியிடம் பேசுங்கள். முடிவுத் தேதி நெருங்காமல் இருந்தால் இந்தப் பேச்சுக்குப் பலன் இருக்கும். முதல் படியில் நாற்பது நாள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசம் என்றால், கிளைம் நாளில் போனை எடுக்கிற உள்ளூர் ஏஜென்ட்டுக்கு அதைக் கொடுப்பதே என் வழக்கம். காசில்லாக் கிளைம் வசதியுள்ள ஒர்க்‌ஷாப் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ இருக்கிறதா என்று, கம்பெனியின் பட்டியலை மட்டும் நம்பாமல், அந்த ஒர்க்‌ஷாப்புக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

9. பணம் கட்டும்போதும், பாலிசி வந்த பிறகும்

பயன்பாட்டைப் பற்றி உண்மையையே எழுதுங்கள். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்கு, சொந்த போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்வது சாதாரணமாக நடக்கிறது. திங்களூருக்கும் கஞ்சனூருக்கும் இடையில் விபத்து நடந்து, பின்சீட்டில் இருந்தவர் வாடகை கொடுத்தவர் என்று தெரிந்தால், சொந்தச் சேதக் கிளைம் நிராகரிக்கப்படும். வெளியில் பொருத்திய எரிவாயு கிட் இருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் அது ஏறியிருக்க வேண்டும்.

பணத்தைக் கம்பெனியின் பெயருக்கே கட்டுங்கள். தனிநபர் எண்ணுக்கு ஜி-பே செய்யாதீர்கள். பாலிசி வந்த அன்றே பெயர், எண்கள், ஐ.டி.வி., போனஸ், சேர்க்கைகள் ஆகியவற்றைத் தாளோடு ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்கும் திருத்தத்தை யாரும் நம்ப மாட்டார்கள். சில நாள் கழித்து எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், காப்பீடு எந்தத் தேதிவரை என்று காட்டும். காட்டாவிட்டால் பாலிசி எண்ணைக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கார் நிற்கும் இடத்திலேயே நான்கு பக்கமும், ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி டேஷ்போர்டையும் படம் எடுத்து, பாலிசியோடு சேர்த்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முடிவுத் தேதிக்கு நாற்பது நாள் முன்னால் வரும் தேதியை, வீட்டு நாள்காட்டியில் இன்றைக்கே பேனாவால் வட்டமிட்டுவிடுங்கள்.